கண்டியரசிற் காட்டுவிலங்கு வளர்ப்பு: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் விலங்குகளைத் தன் மனையிற் கொண்டுவந்து வளர்த்த வரலாறு உழவின் வரலாற்றோடு ஒட்டியதாகும். ஆவும் எருதும் ஆடும் நாயும் அவனோடு பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து, அவன் வாழ்விற் பங்குகொண்டு, தம் இயல்பையும் மாற்றிக்கொண்டன. ஆயின், காட்டிற் பிறந்து காட்டுக்கேயுரிய யானையையும் சிறுத்தையையும் மானையும் தன் முற்றத்திற் கட்டிவைத்து மகிழும் ஆசை இதனின் வேறானது. முன்னையது பயன் கருதியது. பின்னையது பெரும்பாலும் பெருமை கருதியது. இவ்வாசைக்கு உலகிற் பல நாடுகளில் வரலாறு உண்டெனினும், நம் நாட்டிற் கண்டியரசின் வரலாறு அதனைத் தெளிவாகக் காட்டவல்லது. காட்டுவிலங்கை யார் வைத்திருந்தனர், எவ்வாறு வைத்திருந்தனர், அதன் விலையை யார் கொடுத்தனர் என்னும் மூன்று வினாக்களுக்கும் அவ்வரலாற்றில் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். மனைவிலங்கு வேறு, பழக்கிய விலங்கு வேறு. மனிதன் தன் விருப்பத்திற்கேற்பத் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்துப் பெருக்கிய இனமே மனைவிலங்காம். யானை அத்தகையதன்று. பிடியானை ஏறத்தாழ 22 மாதங்கள் கருவைச் சுமந்து ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்கு நான்கைந்து ஆண்டுகள் செல்லும். ஈன்ற கன்று வேலைக்குரிய வலிமை பெறப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். அதுவரை அதற்கு நாள்தோறும் இடவேண்டிய தீனியோ பெரிது. ஆதலின், வளர்த்துப் பெருக்குவதினும் காட்டிற் பிடித்துப் பழக்குவதே எளிதென மக்கள் கண்டனர். இதன் விளைவு யாதெனின், நாலாயிரம் ஆண்டுகளாக மனிதனுக்கு ஊழியஞ்செய்தும், ஒவ்வொரு தலைமுறையிலும் யானை புதிதாகவே சிறைப்பட்டது என்பதாம்.

வேட்டைச் சிவிங்கியின் கதையும் இதுவே. முகலாய மன்னர் அக்பர் அவ்விலங்குகளைப் பெருந்தொகையாக வைத்திருந்தார். எனினும், சிறையிலிருந்த சிவிங்கி குட்டி ஈன்றமை அவர் மகன் சகாங்கீர் காலத்தில் ஒருமுறை அருஞ்செய்தியாகக் குறிக்கப்பட்டுள்ளது. அரண்மனைகளுக்கு வேண்டியவை யாவும் காட்டிலிருந்தே வந்தன. காடும் சுருங்கியது, வேட்டையும் மிகுந்தது, 1952 இல் இந்தியாவில் அவ்வினம் அற்றுப்போயிற்று என அறிவிக்கப்பட்டது. 2022 இல் ஆபிரிக்காவின் நமீபியாவிலிருந்து சிவிங்கிகளைக் கொணர்ந்து விடும் நிலை நேர்ந்தது.

பழந்தமிழரும் இக்கலையை அறிந்திருந்தனர். யானை வீழுங்குழியைப் பயம்பு என்றும், வேட்டுவர் தம் இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்கப் பழக்கி வைத்திருந்த விலங்கைப் பார்வை என்றும் அவர் வழங்கினர். யானைப்பாகர் யானைக்கு வடமொழிச் சொற்களாற் பயிற்சியளித்தமையை முல்லைப்பாட்டுக் குறிப்பிடுகின்றது. களிறு ஊற்றின்பத்தால் அகப்படும், மீன் சுவையால் அகப்படும், அசுணமும் மானும் ஓசையால் அகப்படும் எனப் புலனடக்கம் போதித்த நம் பெரியோர் எடுத்துக்காட்டியதும் இவ்வேட்டைத் தொழிலையேயாம்.

அரசனுடைமை

இலங்கை யானையின் புகழ் பழமையானது. இத்தீவின் யானைகள் பெருநிலத்து யானைகளினும் பெரியன என்றும், அவை மரக்கலங்களிற் கலிங்கத்துக்கு ஏற்றப்பட்டன என்றும் உரோம நாட்டு நூலாசிரியரான ஏலியன் எழுதினார். யாழ்ப்பாணத்தரசரும், அவர்பின் பறங்கியரும், ஒல்லாந்தரும் யானை வாணிபத்தாற் பெரும்பொருள் ஈட்டினர். வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகள் குடாநாட்டுக்குள் நடத்திச் செல்லப்பட்ட வழியே ஆனையிறவு என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற யானை விற்பனைக்குக் கோல்கொண்டா, வங்காளம் முதலிய இடங்களிலிருந்து வணிகர் வந்தனர்.

கண்டியரசில் யானை வாணிபப் பண்டமாக மட்டும் இருக்கவில்லை. அரசுரிமையின் அடையாளமாகவும் இருந்தது. யானை அரசனுடைமை, அவனது ஆணையின்றி அதனைப் பிடித்தலும் கொல்லுதலும் குற்றம். அரச யானைகளை மேற்பார்த்த அதிகாரி கஜநாயக்க நிலமே எனப்பட்டார். எசலப் பெரகராவில் அப்பதவிப் பெயருடையார் கையில் அங்குசம் ஏந்தி யானைமீது வருங்காட்சி, மறைந்துபோன அரசொன்றின் நிருவாகத் துறையைக் கண்முன் நிறுத்துவதாகும். யானை பிடிப்போர்க்கும் பேணுவோர்க்கும் ஊதியம் காசாக வழங்கப்படவில்லை, நிலமாக வழங்கப்பட்டது. நிலத்தை உண்போர் அதற்கீடாக அரசனுக்குச் செய்யும் ஊழியமே இராசகாரியம் எனப்பட்டது. எனவே, அரசன் முற்றத்தில் நின்ற ஒவ்வொரு யானைக்குப் பின்னாலும் சில குடும்பங்களின் உழைப்பு நின்றது.

நாம் வாழும் திகனப் பகுதியும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வீதியில், திகனைக்கு முன்னே உள்ள குண்டசாலையில் வீரநரேந்திரசிங்கன் அரண்மனை அமைத்து வாழ்ந்தான். 1707 முதல் 1739 வரை ஆண்ட அம்மன்னனைக் குண்டசாலைத் தெய்வம் என்றே மக்கள் அழைத்தனர். கிழக்கே மலைத்தொடர் இறங்குமிடத்தில் தொடங்கும் விந்தனைக் காடுகள் யானைக்கும் மானுக்கும் பேர்பெற்றவை.

கரும்புலியும் வெண்மானும்

கண்டி மன்னருள் அரிய விலங்குகளின்பால் மிக்க ஆர்வமுடையவனாக நமக்குத் தெரியவருபவன் இரண்டாம் இராசசிங்கன். 1635 முதல் 1687 வரை அவன் ஆட்சி நீடித்தது. அவன் காலச் செய்திகளை நாம் அறிதற்குத் துணைபுரிபவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி. புயலிற் பழுதுற்ற கப்பலைச் செப்பனிடக் கொட்டியாற்றுக் குடாவில் இறங்கிய இவர், 1660 இல் தந்தையோடும் தோழரோடும் அரசன் ஆட்களாற் பிடிக்கப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679 இல் தப்பி, அநுராதபுரக் காடுகளினூடாக அரிப்புக் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய நூல் 1681 இல் இலண்டனில் வெளிவந்தது.

இராசசிங்கன் காலத்திற் கரும்புலியொன்று பிடிக்கப்பட்டு அவனிடம் கொண்டுவரப்பட்டதென்றும், பின்னர் பால்போன்ற வெண்மானொன்று கிடைத்ததென்றும், அவ்விரண்டையும் அவன் பெரிதும் மதித்தானென்றும், அவைபோல்வன முன்னும் பின்னும் அந்நாட்டிற் கேள்விப்படாதவை என்றும் நொக்ஸ் குறித்துள்ளார். ஈண்டுப் புலியென்றது சிறுத்தையையேயாம். இலங்கையில் வேங்கைப்புலி இல்லை. கருநிறம் வேற்றினத்தைக் காட்டுவதன்று. தோலிற் கருநிறப்பொருள் மிகுந்து பிறக்கும் சிறுத்தையே அது. அத்தகைய சிறுத்தை இன்றும் இந்நாட்டில் அருகியேனும் உண்டு. 2020 மே மாதத்தில் சிவனொளிபாதமலை அடிவாரத்திலுள்ள நல்லதண்ணிப் பகுதியிற் கருஞ்சிறுத்தையொன்று கம்பிக்கண்ணியில் அகப்பட்டு, மீட்கப்பட்டுச் சிகிச்சை பெற்றும் சில நாட்களில் இறந்தது. நொக்ஸ் காலத்தில் அரசனுக்கு அதிசயமாகக் கொண்டுசெல்லப்பட்ட உயிர், நம் காலத்திற் பன்றிக்கு வைத்தன போன்ற கண்ணியொன்றில் மாண்டது.

இராசசிங்கனின் ஆர்வம் நிலவாழ் விலங்குகளோடு நின்றுவிடவில்லை. ஆற்று மீன்கள் சில அரசன் இன்பத்துக்கென ஒதுக்கப்பட்டுச் சோறிட்டு வளர்க்கப்பட்டன. அவை மனிதர் கையிலிருந்தே உணவை வாங்கியுண்ணும் அளவுக்குப் பழகியிருந்தன. அவற்றைப் பிடிப்போர் கடுந்தண்டனைக்கு ஆளாவர். ஒல்லாந்தரும் மன்னன் மனத்தை அறிந்து, குதிரைகளையும் வேட்டைப் பறவைகளையும் தூதுவர்வழிக் காணிக்கையாக அனுப்பினர். விலங்கு அரசியலின் கருவியாகவும் பயன்பட்டமையை இதனாற் காணலாம்.

மறுபுறத்தையும் மறைத்தலாகாது. அரச யானைகள் குற்றவாளிகளைக் கொல்லும் கொலைக்கருவிகளாகவும் பயன்பட்டன என்று அதே நொக்ஸ் எழுதியுள்ளார். சாதுவான உயிரொன்றை மனிதன் தன் கொடுமைக்குப் பழக்கினான் என்பதே இதன் பொருள்.

சிறைப்பட்டோர் இருவகையினர்

நொக்ஸின் நூலை ஊன்றிக் கற்போர்க்கு ஓர் ஒற்றுமை புலப்படாமற் போகாது. அரசன் விலங்குகளை எவ்வாறு வைத்திருந்தானோ, ஏறத்தாழ அவ்வாறே ஐரோப்பியச் சிறையாளரையும் வைத்திருந்தான். சிறையாளர் விலங்கிடப்படவில்லை, இருட்டறையில் அடைக்கப்படவுமில்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்து வைக்கப்பட்டனர். ஊரார் விலைபெறாது அவர்க்குச் சோறளித்தல் வேண்டும் என்பது அரசாணை. அவர்களிடம் தொடக்கத்தில் வேலை எதுவும் வாங்கப்படவில்லை. ஆங்கிலேயர், ஒல்லாந்தர், பின்னர் வந்த பிரெஞ்சுக்காரர் எனப் பலநாட்டாரும் இவ்வாறு தடுத்துவைக்கப்பட்டனர். இவர்களை விடுவிக்குமாறு தூதுகள் வந்தும் அரசன் விடவில்லை. கொல்லவும் மனமில்லை, விடவும் மனமில்லை, வைத்திருப்பதே பெருமை.

நொக்ஸ் பசியால் வாடவில்லை. தொப்பி பின்னி விற்றார். சிறிது நிலமும் வாங்கினார். அயலாரின் அன்பையும் பெற்றார். ஆயினும், பத்தொன்பது ஆண்டுகளும் அவர் நினைவு தப்பிச்செல்லும் வழியிலேயே நின்றது. சோறு இடப்பட்டமையாற் சிறை வீடாகிவிடவில்லை. இவ்வுண்மையை எழுத்தில் வடிக்க நொக்ஸுக்கு நா இருந்தது, கை இருந்தது. அதே அரசனின் கரும்புலிக்கும் வெண்மானுக்கும் அவை இல்லை. இவ்விரு வகையினரையும் ஒருசேர வைத்து நோக்கினாலன்றிக் காட்டுவிலங்கு வளர்ப்பின் வரலாறு நிறைவுபெறாது என்பது இக்கட்டுரையாளன் கருத்து.

கடல்கடந்த யானை

இராசசிங்கன் ஆட்சி தொடங்கும் முன்னரே இலங்கையிற் பிறந்த பிடியானைக் கன்றொன்று ஒல்லாந்துக்குச் சென்றது. 1630 இற் பிறந்து 1633 இல் அம்சுற்றர்டாம் நகரை அடைந்த அதற்கு ஹான்ஸ்கன் என்று பெயரிட்டனர். ஒல்லாந்தின் ஆட்சித்தலைவனான பிரெடறிக் ஹென்றிக்குரியதாயிருந்து, பின் கைமாறி, கொடி பிடித்தல், துப்பாக்கி வெடித்தல் முதலிய வித்தைகள் கற்பிக்கப்பட்டு, ஊரூராக நடத்திச் செல்லப்பட்டது. புகழ்பெற்ற ஓவியர் றெம்பிரான்ற் 1637 இல் அதனைக் கரிக்கோலால் வரைந்தார். 1655 இல் இத்தாலியின் புளோறன்சு நகரில் அது மாண்டது. அதன் என்புக்கூடு இன்றும் அந்நகர் நூதனசாலையில் உண்டு. 2013 இல் விலங்கியலார் ஆசிய யானை இனத்துக்கே மாதிரியுருவாக அவ்வென்புக்கூட்டைத் தேர்ந்தெடுத்தனர். மூன்று வயதில் தாய்நிலம் பிரிந்து, தன்னினத்தாரின்றி, குளிர்நாட்டுச் சந்தைகளில் இருபத்திரண்டு ஆண்டுகள் நடந்த நம் நாட்டுப் பிடியொன்றே உலக அறிவியலில் தன் இனத்துக்குச் சான்றாக நிற்கின்றது.

ஆங்கிலேயர் காலம்

1815 இற் கண்டியரசு வீழ்ந்தது. 1832 இல் இராசகாரியமும் ஒழிக்கப்பட்டது. யானையைக் காத்துவந்த அரசாணை நீங்கியதும் இருபெருங்கேடுகள் விளைந்தன. ஒன்று, வேட்டை. கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. யானையைக் கொல்வோர்க்கு அரசாங்கம் பரிசும் அளித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவராகப் பேசப்படும் மேஜர் றொஜேர்ஸ் 1845 இல் இடிவிழுந்து இறந்தார். மற்றையது, வேலைக்காக யானைகளைக் கூட்டமாகப் பிடித்தமை. காட்டில் வலிய மரங்களால் வேலியமைத்து, பறையொலியாலும் தீயாலும் யானைகளை உள்ளே துரத்தி, பழகிய யானைகளின் துணையோடு கட்டும் இம்முறையைச் சேர் எமேசன் ரெனன்ற் 1847 இல் நேரிற் கண்டு விரிவாக எழுதினார்.

ரெனன்ற் தந்துள்ள கணக்கொன்று வரலாற்று மாணவர் நினைவிலிருத்தற்குரியது. 1831 முதல் 1856 வரையான 25 ஆண்டுகளில், அரசாங்கப் பகுதிகளில் வேலைசெய்த 240 யானைகள் இறந்தன. அவற்றுள் 138 யானைகள் சிறையில் எத்துணைக் காலம் வாழ்ந்தன என்பது பதியப்பட்டிருந்தது. அந்த 138 இல் 72 யானைகள் முதலாண்டிலேயே இறந்தன. அந்த 72 இலும் 35 யானைகள் முதல் ஆறு மாதங்களுக்குள் மாண்டன. எழுபது ஆண்டுகள் வாழத்தக்க உயிரொன்று பிடிபட்ட ஓராண்டில் மடிவதற்குக் காரணம் யாது? புதிதாகக் கட்டப்பட்ட யானைகள் வெளிப்படையான நோயொன்றுமின்றிச் சாய்ந்து இறப்பதைக் கண்ட நாட்டார், அவை நெஞ்சுடைந்து இறந்தன என்றே கூறினர். கயிறு அறுத்த புண், பழக்கமில்லாத தீனி, கூட்டத்தைப் பிரிந்த அச்சம் ஆகியவற்றை இக்கால மருத்துவர் காரணமாகக் காட்டுவர். நாட்டார் கூற்றும் மருத்துவர் கூற்றும் சொல்லால் வேறுபடினும் பொருளால் நெருங்கியனவே.

இம்முறையிலமைந்த கடைசி வேட்டை 1950 இற் பனாமுறையில் நடைபெற்றது. அடைபட்ட கூட்டத்தின் தலைமைக் களிறு பணிய மறுத்து எதிர்த்து நின்றமையாற் சுட்டுக்கொல்லப்பட்டது. அச்செய்தி நாடெங்கும் துயரை விளைத்தது. அதன்பின் அவ்வகை வேட்டை நடைபெறவில்லை.

வனவிலங்கு வாணிபமும் இக்காலத்திற் கொழும்பில் வேரூன்றியது. செருமன் நாட்டு விலங்கு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் ஹேகன்பெக், வெளிநாட்டுக் காட்சிச்சாலைகளுக்கு அனுப்பும் விலங்குகளைத் தெகிவளையில் வைத்திருந்தார். அந்நிறுவனம் நொடித்தபின் 1936 இல் அரசாங்கம் அவ்விடத்தைப் பொறுப்பேற்றது. இன்றைய தெகிவளை மிருகக்காட்சிச்சாலையின் தோற்றம் இதுவே.

இராசா என்னும் களிறு

காட்டுவிலங்கை வைத்திருத்தலின் மேலான பக்கத்தைக் காட்டுவதற்கும் கண்டியே உதவுகின்றது. எசலப் பெரகரா பண்டு நாதர், விட்டுணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களுக்குரிய விழா. மதுரை நாயக்கர் மரபில் வந்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்திலேயே தந்தபேழை அதில் முதலிடம் பெற்றது. அப்பேழையைத் தாங்கிய களிறுகளுள் புகழ்பெற்றது இராசா. 1925 அளவில் மட்டக்களப்பு ஏறாவூர்க் காட்டில் அது பிடிபட்டதென்பர். வார்க்கயிற்றை யானையின் பின்காலிலிட்டு மரத்திற் பிணிக்கும் அப்பகுதி முசிலிம் பணிக்கரின் திறமை நாடறிந்தது. 1937 இல் தலதா மாளிகைக்குக் கொடையாக அளிக்கப்பட்ட இராசா, ஏறத்தாழ அரைநூற்றாண்டு பெரகராவிற் பங்குகொண்டது; 1986 இல் தேசியச் செல்வமெனப் பிரகடனப்படுத்தப்பட்டது; 1988 யூலை 16 இல் இறந்தது. பாடஞ்செய்யப்பட்ட அதன் உடல் மாளிகை வளவில் இன்றும் உண்டு. தமிழர் வாழும் கிழக்குக் காட்டிற் பிறந்து, முசிலிம் மக்களாற் பிடிக்கப்பட்டு, சிங்களப் பிரபுவொருவராற் கொடையளிக்கப்பட்டு, பௌத்தப் பேழையைச் சுமந்து, பல சமயத்தவராலும் வணங்கப்பட்ட அக்களிற்றின் வாழ்வில் இந்நாட்டு மக்கள் அனைவர்க்கும் பங்குண்டு. அதன்பாற் காட்டப்பட்ட அன்பு பொய்யன்று. எனினும், அவ்வன்பு அதன் காற்சங்கிலியைக் கழற்றவில்லை என்பதும் உண்மை.

சட்டமும் வழக்கும்

1937 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்க வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் காட்டுயிர்களைத் தனியார் விருப்பத்திலிருந்து மீட்க முயன்றது. பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டது. 1979 இல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது. 1975 இல் தொடங்கிய பின்னவலை யானைகள் அனாதைச்சாலையில் 1984 இல் முதற்கன்று பிறந்தது.

ஆயினும், பழைய ஆசை அற்றுப்போகவில்லை. யானைக்கன்றுகள் காட்டில் திருடப்பட்டு, போலிப் பத்திரங்களோடு செல்வர் வீடுகளில் வளர்க்கப்பட்டமை 2015 இல் வெளியாயிற்று. அரசாங்கம் பல யானைகளைக் கைப்பற்றியது. அவற்றுட் சில 2021 இல் நீதிமன்ற ஆணையின்படி முன்பு வைத்திருந்தோரிடமே சென்றன. அவ்வாண்டிலேயே வளர்ப்பு யானைகளின் வேலை, குளிப்பு, பாகரின் ஒழுக்கம் பற்றிய விதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. அரசனுடைமையாயிருந்த யானை, அரசர் மறைந்தபின்னும் அரசர்போல் தோன்ற விழைவோரின் உடைமையாகக் காண்கின்றோம்.

குற்றம் செல்வரிடம் மட்டும் உள்ளதன்று. இக்கட்டுரையாளன் சிறுவனாயிருந்தபோது தோட்டத்து லயத்தில் அயல்வீட்டார் தாயிழந்த குரங்குக்குட்டியொன்றை எடுத்து வளர்த்தனர். குழந்தைகளோடு அது ஒரு தட்டில் உண்டது. ஒரு பாயில் உறங்கியது. நான்காண்டில் அது வளர்ந்து பல்லைக் காட்டிற்று. பெண்பிள்ளையொருத்தியின் கையைக் கடித்தது. இடுப்பிற் சங்கிலி ஏறிற்று. ஈற்றில் அதனை மகாவலிக் கரைக்காட்டிற் கொண்டுபோய் விட்டோம். அங்கிருந்த கூட்டம் அதனை ஏற்கவில்லை. அடித்துத் துரத்தப்பட்டு, மூன்றாம் நாள் அதே லயத்து வாசலில் அது வந்து குந்தியிருந்தது. மனிதருக்கும் ஆகாது, தன்னினத்துக்கும் ஆகாது நின்ற அவ்வுயிரின் முகம் இன்னும் மறக்கவில்லை. அதனை எடுத்தவர் கொடியவரல்லர், இரக்கமுடையவர். இரக்கம் மட்டும் போதாது. அறிவும் வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. காட்டுவிலங்கை வைத்திருத்தல் தொன்றுதொட்டு அதிகாரத்தின் அடையாளமாயிருந்தது. அவ்வடையாளத்தின் செலவை ஊழியஞ்செய்த குடிகளும் காடும் விலங்குகளுமே சுமந்தன. சிறைப்பட்ட விலங்கு பெரும்பாலும் தன்னினத்தைப் பெருக்காமையின், ஒவ்வொரு கட்டுத்தறியும் காட்டிற் புதியதோர் இழப்பைக் கேட்டது.

மகாவலியின் குறுக்கே விக்டோரியா அணை எழுந்தபின், 1987 இல் விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த நிலம் சரணாலயமாக்கப்பட்டது. நம் மாணவர் யானையைக் காணவிரும்பின் அத்திசை நோக்கிச் செல்லலாம். தூரத்தே நின்று, அது தன் கூட்டத்தோடு நீரருந்திச் செல்வதைக் கண்டு மீளலாம். இராசசிங்கன் தன் முற்றத்திற் கண்ட காட்சியினும் அது குறைந்ததன்று. அவன் கண்டது தன் பெருமையை. நாம் காண்பது யானையை.